ஆயிரத்து நூற்றெண்பது மீற்றர்

இந்தக் கதைக்குப் பேரம் கிடையாது. பாதியை நம்புகிறேன், மீதியைக் கழித்துக்கொண்டு சொல்லுங்கள் என்பவர்கள் இப்போதே அடுத்த கடைக்குப் போகலாம். டென்மார்க்கில், எஸ்பியர்க் நகருக்குத் தெற்கே, 2009 மே 14, வியாழக்கிழமை, பட்டப்பகலில் நடந்தது இது. கீழே வரும் நேரங்கள் எல்லாம் செல்வரட்ணம் அன்று ஒரு கொப்பியில் தன் கைப்பட எழுதியவை. மன்னார்க்காரர். பழைய ரேடியோ, தொலைக்காட்சி திருத்துகிறவர். பேய் என்று யாராவது தொடங்கினால், “அதுக்கு எத்தினை வோல்ட்?” என்று கேட்டுச் சிரிப்பவர்.

இப்போது கேட்பதில்லை.

அந்தக் கட்டடம் கடல் அணைக்கு உள்பக்கம் இருக்கிறது. செங்கல் கட்டடம், ஒரே பெரிய அறை. நாற்பத்தைந்தில் ஜெர்மன்காரர் விட்டுவிட்டுப் போனதை டெனிஷ் பொறியியலாளர்கள் பிடித்துக்கொண்டு தொலைக்காட்சி ஆராய்ச்சி செய்தார்கள். படம் ஒரு கேபிள் வழியாக எவ்வளவு தூரம் கெடாமல் போகும் என்பதுதான் கேள்வி. அதற்காகக் கடல் சேற்றுக்கு அடியில் ஈயத்தோல் போர்த்த கேபிள் ஒன்றைப் புதைத்து, கடல் வற்றும் நேரத்தில் மட்டும் நடந்து போகக்கூடிய தூரத்து மரக்குடில் ஒன்றில் கொண்டுபோய் முடித்தார்கள். நீளம் ஆயிரத்து நூற்றெண்பது மீற்றர்.

கட்டடத்தின் இப்போதைய சொந்தக்காரி எமிலியா. வயது எண்பது. இருபது வயதில் அந்தக் குடிலில் கமராவுக்கு முன்னால் மணிக்கணக்காக அசையாமல் உட்கார்ந்திருந்த பெண் அவர்தான். விளக்குச் சூட்டில் உதட்டுச் சாயம் உருகி வழிந்ததாம். வருகிற நவம்பரோடு நாடு முழுவதும் பழைய ஒளிபரப்பு நிற்கப் போகிறது. அதற்கு முன், அந்தப் பழைய கருவிகளாலேயே, அந்தப் பழைய கேபிளிலேயே, தன் முகத்தை இன்னொருமுறை அனுப்பிப் பார்க்க வேண்டும் என்று கிழவிக்கு ஆசை. கேபிள் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கத்தான் செல்வரட்ணத்தைக் கூப்பிட்டார்.

பார்க்கும் முறை சுலபம். கேபிளுக்குள் ஒரு மின்துடிப்பை அனுப்ப வேண்டும். சுவரில் எறிந்த பந்து மாதிரி அது மறு நுனியில் முட்டித் திரும்பி வரும். வந்ததும் அலைகாட்டியின் பச்சைக் கோட்டில் ஒரு மேடு எழும்பும். போய் வர எடுத்த நேரத்தைக் கணக்கிட்டால் தூரம் தெரியும். மறு நுனியில் யாராவது நடுக்கம்பியையும் வெளித்தோலையும் குறட்டால் சேர்த்துப் பிடித்தால், அந்த மேடு பள்ளமாகக் கவிழும். ஆக, இந்தப் பக்கம் ஓர் ஆள், அந்தப் பக்கம் ஓர் ஆள்.

அந்தப் பக்கத்து ஆள் பஸ்தியாம்பிள்ளை. செல்வரட்ணத்தின் மனைவி மாக்கிரட்டின் தமையன். ஸ்கீவ என்ற ஊரில் தனியாக இருப்பவர். மூன்று வாரமாக எஸ்பியர்க்கில் இவர்கள் வீட்டில்தான் படுக்கை. காரணம் ஒன்றுதான். அவருடைய கடைசித் தங்கை பவளராணி வன்னியில், முள்ளிவாய்க்கால் பக்கம், மூன்று பிள்ளைகளோடு சிக்கியிருந்தாள். வவுனியாவில் இருந்த ஒரு பாதரிடம் இரண்டு தொலைபேசி எண்கள் கொடுத்து வைத்திருந்தார்கள். ஒன்று செல்வரட்ணத்தினுடையது. அந்தப் போன் மாக்கிரட்டின் மடியில், செபமாலைக்குப் பக்கத்தில். மற்றது பஸ்தியாம்பிள்ளையினுடையது. குளிக்கும்போதும் அதை ஒரு பிளாஸ்ரிக் பையில் போட்டுக் கொண்டுபோவார்.

அந்த அறையில் மேற்கு யன்னல் விளிம்பில் மட்டும்தான் சிக்னல் எடுத்தது.

“ரெண்டு கோடு காட்டுது மச்சான். இந்த விளிம்பை விட்டா ஒண்டும் இல்லை,” என்று பஸ்தியாம்பிள்ளை போனை அங்கே நிமிர்த்தி வைத்தார்.

“அப்ப நீ போனில்லாமலே போகப் போறாய்?”

“பின்ன? கடலுக்க கொண்டுபோனா, பவளம் எடுக்கேக்க நண்டோ பதில் சொல்லுறது?”

“நான் போறன். நீ இதில இரு.”

“உன்ர மெசினில எனக்கு என்ன விளங்கும்? பேசாமல் இரு. போன் அடிச்சா மட்டும் ஓடிப்போய் எடு. மிச்சத்தை நான் பாக்கிறன்.”

எமிலியா வீட்டுக்குக் கிளம்பும்போது இருவரையும் ஒருமுறை மேலும் கீழும் பார்த்தார். “மூன்றரைக்குள் அணைக்கு மேல் ஏறிவிட வேண்டும். இங்கே தண்ணீர் முன்னால் வராது. வாய்க்கால்களுக்குள்ளால் சுற்றி, முதுகுப் பக்கமாக வரும்.”

வாசலில் நின்று சைகைகளைப் பேசி வைத்துக்கொண்டார்கள்.

“ஒருக்காத் தொட்டா, போய்ச் சேந்திட்டன். ரெண்டு தரம் தொட்டா, திரும்பி வாறன்.”

“மூண்டு தரம்?”

“மூண்டு தொட்டா ரீயைப் போடு. சீனி கொஞ்சம் தாராளமா. கடைக்காரன் மாதிரி அளக்காத.”

சிரித்துக்கொண்டே போனார். நேரம் 14:10.

செல்வரட்ணம் அலைகாட்டியைப் போட்டார். பழைய வால்வுக் கருவி. சூடேற நாலு நிமிடம் பிடித்தது. தூசு கருகும் மணம். பிறகு பச்சைக் கோடு. கோட்டின் கடைசியில் அழகான ஒரு மேடு. கணக்குப் பார்த்தார். 1180. அறுபது வருடம் சேற்றுக்குள் கிடந்த கேபிள், கடையில் வாங்கிய அன்று மாதிரி இருந்தது.

14:22. யன்னலால் பார்த்தார். கடல் வற்றிக் கிடந்தது. சாம்பல் சேற்றில் ஒரு கறுப்புப் புள்ளி போய்க்கொண்டிருந்தது.

14:26. பார்த்தார். புள்ளி இல்லை. சேறும் இல்லை. மூடுபனி அணை வரைக்கும் வந்து நின்றது.

கதவைத் திறந்து கூப்பிட்டார். “மச்சான்!” குரல் பஞ்சுக்குள் விழுந்த மாதிரி அடங்கிப்போனது. போய்த் தேடலாமா? காலை வெளியே வைத்தார். போன் உள்ளே, யன்னல் விளிம்பில். அந்த நிமிடம் பார்த்து பவளம் எடுத்தால்? மூன்று வாரத்தில் வரப்போகிற ஒரே அழைப்பு அதுவாக இருந்தால்?

காலை எடுத்துக்கொண்டார்.

14:40. மேடு மேடாகவே நின்றது. இருபது நிமிடத்தில் போய்ச் சேர வேண்டிய ஆள். அரைமணி ஆகிவிட்டது.

14:50. நகத்தைக் கடித்தார். மடு மாதாவே... என்றார். நெடுநாளைக்குப் பிறகு.

14:52.

மேடு கவிழ்ந்தது.

“அப்பாடா!” என்று வாய்விட்டுச் சொன்னார். வந்து சேர்ந்துவிட்டான்! ஒருக்காத் தொட்டிருக்கிறான்!

ஆனால் ஒரு சின்ன விசயம் இடித்தது. குறட்டால் பிடித்தால் மேடு சடக்கென்று விழும், துடிக்கும். இது அப்படி விழவில்லை. மெல்ல... மெல்ல... குனிந்தது. தூங்கி விழுகிறவனின் தலை மாதிரி. அப்படியே பதினொரு செக்கன் கிடந்தது. பிறகு மெல்ல நிமிர்ந்தது.

குறடு துருப்பிடித்திருக்கும் என்று நினைத்துக்கொண்டார். கொப்பியில் எழுதினார்.

15:05. போன் அடித்தது.

ஓடினார். இரைச்சல். பாதரின் குரல். “ஆள் வெளியால வந்திட்டா. பிள்ளையள் மூண்டும் நிக்குது. செட்டிக்குளம் முகாமில பதிஞ்சாச்சு.” அவ்வளவுதான். அறுந்தது.

செல்வரட்ணம் யன்னலில் நெற்றியை வைத்து அழுதார். இதைப் பஸ்தியிடம் சொல்ல வேண்டுமே! சொன்னால் சேற்றிலேயே ஆடுவானே!

15:12. பள்ளம். நிமிர்ந்தது. மறுபடி பள்ளம்.

இரண்டு. திரும்பி வருகிறான்.

நேரம் மட்டுமட்டாகப் போதும் என்று கணக்குப் போட்டார். இருபது நிமிட நடை. போகத் தேவையில்லை. பொலிசுக்கு அடிக்கத் தேவையில்லை. கோடுதான் சொல்கிறதே!

15:30. ஆள் இல்லை. அணைக்கு அப்பால் ஒரு சத்தம்... சளக்... சளக்... தண்ணீர் வந்துவிட்டது.

பொலிசுக்கு அடிக்கலாம் என்று போன் பக்கம் திரும்பினார். தற்செயலாகக் கோட்டைப் பார்த்தார்.

15:32. பள்ளம் விழுந்தது. இந்தமுறை நிமிரவில்லை.

நகர்ந்தது.

இடப்பக்கமாக. அவர் இருந்த பக்கமாக. உப்புத்தண்ணீர் ஈயத்தோலுக்குள் இறங்குகிறது, அதுதான் என்று தனக்குத் தானே சொன்னார். நல்ல விளக்கம். யாரும் வாங்குவார்கள்.

15:35. 940 மீற்றர்.

15:38. 700.

கழித்துப் பார்த்தார். கை நின்றது. நிமிடத்துக்கு எண்பது மீற்றர். கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

தண்ணீர் அப்படி வராது.

எண்பது என்பது... ஒரு மனுசன் நடக்கிற வேகம்.

15:41. 460.

கேபிள் ஒரு மீற்றர் ஆழத்தில் சேற்றுக்குள் கிடக்கிறது. அதைத் தொட்டுக்கொண்டு நடக்க, மேலே நடந்தால் முடியாது.

15:44. 220.

எழும்ப நினைத்தார். எழும்பாமல் அதையும் எழுதினார்.

15:46. 60.

அங்கே நின்றது.

குனிந்தது... நிமிர்ந்தது.

குனிந்தது... நிமிர்ந்தது.

குனிந்தது...

மூன்று.

பிறகு கோடு முழுவதும் படுத்தது. சைபர்.

கதவில் தட்டு.

ஒரே ஒரு தட்டு.

எப்படிப் போய்த் திறந்தார் என்று செல்வரட்ணத்துக்கு ஞாபகம் இல்லை. பஸ்தியாம்பிள்ளை நின்றார். தலை முதல் கால் வரை ஈரம். உயிரோடு! செல்வரட்ணம் பாய்ந்து கட்டிப்பிடித்தார்.

“பவளம் தப்பிட்டாளடா! பாதர் எடுத்தவர்! பிள்ளையளும் நிக்குதாம்!”

“அப்பிடியோ,” என்றார் பஸ்தியாம்பிள்ளை.

அவ்வளவுதான்.

மூன்று வாரம் நித்திரை இல்லாமல் காத்திருந்த மனுசன். எப்ப எடுத்தவை என்று கேட்கவில்லை. யன்னல் விளிம்பில் இருந்த போனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

குளிர் அடித்துவிட்டது, அதிர்ச்சி, என்று செல்வரட்ணம் நினைத்தார். மாக்கிரட்டும் அப்படித்தான் நினைத்தாள். வெள்ளி, சனி இரண்டு நாளும் பஸ்தியாம்பிள்ளை வீட்டில் இருந்தார். கேட்டால் ஓம் என்றார். உப்புக் குறைவு, புளி கூட என்று எப்போதும் குற்றம் பிடிக்கிறவர், போட்டதைப் பேசாமல் சாப்பிட்டார்.

ஞாயிறு காலை படுக்கையில் ஆள் இல்லை. விரிப்பில் ஈரமும் இல்லை. வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது.

கொப்பன்ஹேகனுக்கு ஊர்வலத்துக்குப் போயிருப்பார் என்றார்கள். அந்த நாட்களில் யார் எங்கே போகிறார், எங்கே படுக்கிறார் என்று யார் கேட்டது? திங்கட்கிழமை எல்லாம் முடிந்தது என்று செய்தி வந்தது. எஸ்பியர்க்கில் தமிழர் வீடு ஒன்றிலும் அடுப்பு எரியவில்லை. அத்தனை அழுகைக்குள் ஓர் ஆளைக் காணவில்லை என்பது யாருக்கும் உறைக்கவில்லை.

செவ்வாய் காலை 9:20. வாசலில் இரண்டு பொலிஸ்காரர்.

தூண்டிலுக்குப் புழு தோண்டப் போனவர் ஒருவர் கண்டிருக்கிறார். அணையில் இருந்து முந்நூறு மீற்றரில், ஒரு சேற்று வாய்க்காலுக்குள், முகம் குப்புற. குடில் வரைக்கும் ஆள் போகவே இல்லை. குறடு சட்டைப்பைக்குள் இருந்தது, பையின் சிப் பூட்டியபடி. கைக்கடிகாரம் இரண்டு முப்பத்தொன்றில் நின்றிருந்தது. திகதிக் கட்டத்தில் 14.

“வியாழக்கிழமை,” என்றார் பொலிஸ்காரர். “ஐந்து நாளாகத் தண்ணீரில் கிடந்த உடல் என்று வைத்தியர் எழுதியிருக்கிறார். நீங்கள் ஏன் அன்றைக்கே அறிவிக்கவில்லை?”

செல்வரட்ணம் மாக்கிரட்டைத் திரும்பிப் பார்த்தார்.

மாக்கிரட் குசினி வாசலில் நின்றாள். பொலிஸ்காரருக்கு விளங்காத தமிழில், யாரையும் பார்க்காமல், மெல்லக் கேட்டாள்.

“சனிக்கிழமை ரெண்டாந்தரமும் சோறு வாங்கினவன். கோப்பையை வழிச்சுச் சாப்பிட்டவன். நான்... ஆருக்குப் போட்டனான்?”