வேண்டாம் என்று சொன்ன பயணச்செலவு

தண்டவாள வளைவில் ரயில் சக்கரம் கிறீச்சிடும் சத்தம் எங்கே கேட்டாலும் என் நெஞ்சு மலையேறத் தொடங்கிவிடும். போன வருடம் பங்குனியில், சுவிஸ் மலைநாட்டின் எங்கடின் பள்ளத்தாக்குக்குப் போகும் சிவப்பு ரயிலில், மகளின் பக்கத்தில் உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டே போனேன். வெளியே பனி, பனி, மறுபடியும் பனி. சுரங்கம் வந்தால் கண்ணாடியில் எங்கள் இரண்டு முகங்கள். அவள் கண்ணை மூடி மருந்துகளின் பெயர்களை முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

மகள் மருத்துவப் படிப்பை முடித்திருந்தாள். அடுத்து ஒரு மருத்துவமனையில் உதவி மருத்துவராகச் சேர்ந்து, வேலை செய்துகொண்டே சிறப்புப் பயிற்சி பெற வேண்டும். சுவிஸில் அந்த இடங்களை யாரும் பங்கிட்டுத் தருவதில்லை. ஒவ்வொரு மருத்துவமனைக்கும் தனித்தனியாக எழுத வேண்டும். அழைத்தால் ‘ஷ்னுப்பர்’ நாளுக்கு, அதாவது ‘முகர்ந்து பார்க்கும்’ நாளுக்குப் போக வேண்டும். காலையிலிருந்து மாலைவரை அவர்களோடு நின்று, வேலையை நாம் முகர்ந்து பார்ப்பதும், அவர்கள் நம்மை முகர்ந்து பார்ப்பதும்தான் அந்த நாள். சம்பளம் கிடையாது. பயணமும் படுக்கையும் நம் பாடு. அவளோடு படித்த வசதியான பிள்ளைகள் அதற்காக நாடு முழுக்கச் சுற்றுலாப் போல் போய்வந்தார்கள். என் மகளோ முதலில் ரயில் கட்டணத்தைப் பார்ப்பாள், பிறகுதான் மருத்துவமனையைப் பார்ப்பாள். நானும் கணவரும் சோலோதுர்ன் நகரில் கடிகார உதிரிப்பாகத் தொழிற்சாலையில் வேலை செய்பவர்கள். கேட்டிருந்தால் எப்படியாவது கொடுத்திருப்போம். அவள் கேட்கவில்லை.

இந்த ஒரு மருத்துவமனையை மட்டும் அவளால் விட முடியவில்லை. மலை விபத்துகள், ஹெலிகொப்டர், சின்னக் குழு, கை ஓயாத வேலை என்று அதைப் பற்றிக் கதைக்கும்போதே அவள் குரல் ஓடும். ஆனால் காலையில் அங்கே நிற்க முந்தின நாளே போக வேண்டும். அவளைத் தனியே விட மனமில்லாமல் நானும் கூடப் புறப்பட்டேன். பனிச்சறுக்குக் காலத்தில் அங்கே அறை எடுப்பது எங்களுக்கு நினைத்துப் பார்க்கக்கூடிய காரியமல்ல. அந்த ஊர் ஹோட்டல் சமையலறையில் வேலை செய்யும் தூரத்துச் சொந்தக்கார அண்ணை ஒருவர், தன் அறையை எங்களுக்கு விட்டுவிட்டுக் கூட்டாளியின் அறைக்குப் போனார்.

போகும்போது வாசலில் நின்று, “டொக்டரம்மா, கட்டில் கொஞ்சம் ஆடும், கோவிக்காதேங்கோ,” என்றார். “அது சரி, வேலைக்குக் கூப்பிட்டவை படுக்க இடமும் தரமாட்டினமோ? என்னைச் சட்டி கழுவக் கூப்பிட்டவனே ரயில் காசு தந்தவன்!”

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். மகள் சிரிக்கவில்லை.

மறுநாள் காலை மருத்துவமனையின் கஃபேயில் என்னை உட்கார வைத்து, “அம்மா, உள்ளுக்கு வந்து எட்டிப் பாக்கக் கூடாது, சரியோ?” என்று சொல்லிவிட்டுப் போனாள். மாலையில் தலைமை மருத்துவரோடு திரும்பி வந்தாள். உயரமான, நரைத்த முடியைக் குட்டையாக வெட்டிய பெண். எனக்கு விளங்கட்டும் என்று நிதானமான ஜெர்மனில் கதைத்தார். இருவரும் கதைத்ததெல்லாம் ஜெர்மன்தான். என் காதில் அது தமிழாகவே இறங்கியது.

“கோப்பி குடிக்கிறீங்களோ?” என்று கேட்டார். “வேண்டாம்,” என்றேன். அவர் போய் இரண்டே இரண்டு கோப்பைகளோடு வந்தார், ஒன்று தனக்கு, ஒன்று மகளுக்கு. எனக்கு ஆவி மட்டும் வந்தது.

பிறகு மகளிடம் கேட்டார்: “நேற்றே வந்திட்டீங்களாம். பயணச்செலவு, தங்கின செலவு ஏதும் நாங்கள் தர வேணுமோ?”

“இல்லை, இல்லை. பரவாயில்லை,” என்றாள் மகள்.

“நல்லது,” என்றார். கதை வேறு பக்கம் திரும்பிவிட்டது.

எங்கள் வீட்டு வளர்ப்பு அப்படி. முதல்தரம் கேட்டால் வேண்டாம் என்று சொல்ல வேண்டும், இரண்டாம்தரம் சிரிக்க வேண்டும், மூன்றாம்தரம்தான் கை நீட்ட வேண்டும். சுவிஸ்காரர் ஒருதரம்தான் கேட்பார்கள். வேண்டாம் என்றால் அவர்களுக்கு அது வேண்டாம்தான். இதனால் எத்தனை விருந்துகளில் நாங்கள் பசியோடு எழும்பியிருப்போம்!

மகள் கோப்பையைக் கீழே வைத்தாள். “மன்னிக்கோணும். நான் இப்ப சொன்னது பொய்.”

மேசைக்குக் கீழே அவள் காலை மிதித்தேன். அவள் காலை இழுத்துக்கொண்டாள்.

“எங்கட வீட்டில முதல் வேண்டாம் எண்டுதான் சொல்லுவம். ஆனா எனக்குச் செலவு பெரிசு. எனக்கு மட்டும் தந்தாலும் அது சரியில்லை. கூப்பிடுற எல்லாருக்கும் தருவம் எண்டு விளம்பரத்திலேயே போடுங்கோ. இங்க வந்தவையைத்தான் நீங்கள் காணுறீங்கள். வர முடியாதவையை நீங்கள் காணவே இல்லை.”

போச்சு, என்று நினைத்தேன். இத்தனை வருடம் கண் முழித்துப் படித்த பிள்ளை, ஆசைப்பட்ட இடத்தின் வாசலிலேயே வாயால் கெடுத்துக்கொண்டாள்.

“யார் வரேல்லை?” என்று கேட்டார் தலைமை மருத்துவர்.

“என்னோட படிச்ச ஒருத்தி. என்னை விடக் கெட்டிக்காரி. தாய் தனிய வளர்த்தவ. உங்கட விளம்பரத்தைப் பார்த்தவள், ரயில் கட்டணத்தையும் பார்த்தவள். அதோட விட்டிட்டாள்.”

அவர் ஜன்னல் பக்கம் பார்த்தார். “மலைக்கு ஒருத்தரும் வாறேல்லை எண்டு ஒவ்வொரு வருசமும் முறைப்படுறம். ஏன் எண்டு எங்களுக்கு ஒருத்தரும் சொன்னதில்லை.” அங்கேயே தொலைபேசியை எடுத்தார். அழைக்கப்படும் எல்லோருக்கும் பயணமும் ஓர் இரவுத் தங்கலும் மருத்துவமனைச் செலவு என்று விளம்பரத்தில் சேர்க்கச் சொன்னார். வைத்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். “அம்மா, பயப்படாதேங்கோ, முகத்தில தெரியுது. இடம் உங்கட மகளுக்குத்தான். அவ வேலை செய்த விதத்தைப் பார்த்து மத்தியானமே முடிவெடுத்திட்டம்.”

எனக்கு எழும்பி ஆட வேண்டும்போல் இருந்தது. வெளியே மலையுச்சிகள் ஒவ்வொன்றாகச் சிவந்துகொண்டிருந்தன, யாரோ எங்களுக்காகக் கொளுத்திவிட்டது போல. அடக்கம் என்று நான் ஊட்டி வளர்த்ததில் பாதி, அடுத்தவருக்கும் சேர்த்துக் கதவை மூடிவிடும் பழக்கம் என்று அன்று விளங்கியது. உள்ளே போன ஒருத்தி வாய் திறந்தால் வெளியே நிற்பவர்களுக்கும் வழி பிறக்கும் என்பதை என் பிள்ளையிடமிருந்துதான் கற்றேன். இன்றும் யாராவது எனக்கு ஒன்றை நீட்டினால், மறுக்கும் முன் ஒரு கணம் நின்று யோசிக்கிறேன்.

தலைமை மருத்துவர் வாசல்வரை வந்து இருவருக்கும் கை கொடுத்தார். கதவைப் பிடித்தபடி மகளிடம் சொன்னார்:

“அந்தக் கெட்டிக்காரியை வரச் சொல்லுங்கோ. இன்னுமொரு இடம் இருக்கு.”