சோடா பாட்டிலில் வந்த ஊருணித் தண்ணீர்

என்னை அருப்புக்கோட்டையில் கட்டிக்கொடுத்த புதிதில், பிறந்த ஊருக்குப் போனபோதெல்லாம் நான் அளந்தது குழாயைப் பற்றித்தான். எங்கள் ஊர் திருச்சுழிக்குத் தெற்கே இரண்டு மைல். அங்கே குடிக்கிற தண்ணீர் என்றால் ஊருணித் தண்ணீர். பானையின் உள்பக்கம் தேத்தாங்கொட்டையை உரசிவிட்டு ஊற்றி வைத்தால் கலங்கல் அடியில் தங்கிவிடும். நான் வாழப்போன தெருவிலோ பருத்தி வியாபாரி ஒருவர் தம் கிணற்றடியில் உயரத் தொட்டி கட்டி, தெருவுக்கென்று ஓர் இரும்புக் குழாய் இழுத்து விட்டிருந்தார்.

"கயிறும் வேணாம், வாளியும் வேணாம், ரெண்டு வெரலு போதும்" என்று திருகிக் காட்டி என் சேக்காளிகளை வாய் பிளக்க வைத்திருக்கிறேன்.

உலகச் சண்டை நடந்த காலம் அது. எனக்கு மசக்கை வந்தது. சோறு போனால் போகட்டும், அந்தக் குழாய்த் தண்ணீர் வாயில் பட்டதுமே துருப்பிடித்த ஆணியைச் சப்பியது போல இருக்கும். குடித்தது அத்தனையும் வெளியே வந்துவிடும். நாலே நாளில் என் கண் இரண்டும் உள்ளே போய்விட்டன.

குழாய் என் மாமியார் வீட்டு வாசலுக்கு நேர் எதிரே இருந்தது. அதனால் அது அவருக்கே சொந்தம் என்பது போல ஒரு நினைப்பு.

"தெருவே குடிக்குது, ஒனக்கு மட்டும் நாறுதாக்கும்?"

"எங்க ஊருணித் தண்ணி ஒரு வாய் கெடச்சா நிக்கும் அத்தை."

"அப்பச் சரி. நாளான்னைக்கு வண்டி கட்டச் சொல்றேன். ஒங்கம்மா வீட்டுல போயி ஊருணியவே குடிச்சுத் தீத்துட்டு வா."

கோபத்தில் சொன்னதல்ல அது, நான் கிடந்த கிடையைப் பார்த்துப் பயந்து சொன்னது. ஆனால் மூன்றாம் மாதமே போய் இறங்கினால், நான் அளந்த அளப்புக்கு ஊர் என்னைச் சும்மா விடுமா? உயிர் போனாலும் வண்டியேற மாட்டேன் என்று சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டேன்.

என் வீட்டுக்காரர் பருத்திக் கிட்டங்கியில் மூட்டைகளை எடை போடுகிறவர். அதிகம் பேசமாட்டார். மறுநாள் விடிந்ததும் பித்தளைக் குடத்தைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார். மாமியார் வாசலிலேயே மறித்துப் பிடுங்கிவிட்டார்.

"எனக்குச் சீரா வந்த கொடம்டா இது. ஊரு ஊராப் போயி தண்ணிக்கு நிக்கணுமா?"

மண்பானை பஸ்ஸில் தாங்காது. அவர் சோடாக் கடைக்குப் போய்க் காலி பாட்டில் நாலு கேட்டு வாங்கிக்கொண்டு போய்விட்டார். அங்கேதான் கோளாறு. கோலி சோடாவுக்கு மூடியே அந்தக் கோலிதான். உள்ளே காற்றடைத்தால்தான் அது மேலேறி வாயை அடைக்கும். வெறும் தண்ணீர் ஊற்றினால் கழுத்துக்குள் உருண்டுகொண்டு கிடக்கும். எங்கள் ஊருணிப் படியில் நின்று நாலையும் நிரப்பிய பிறகுதான் இது அவருக்கு விளங்கியிருக்கிறது. என் மானம் அவருக்குத் தெரியும், அதனால் எங்கள் வீட்டுப் பக்கமே போகவில்லை. துண்டைக் கிழித்து வாயை அடைத்து, நாலு பாட்டிலையும் சாயாமல் மடியில் நிறுத்திப் பிடித்துக்கொண்டு பஸ்ஸில் உட்கார்ந்துவிட்டார்.

பெட்ரோலுக்குப் பஞ்சம். பஸ்ஸுக்குப் பின்னால் கரி அடுப்பைக் கட்டி ஓட்டிய நாள். பாதி வழியில் பஸ் முன்பக்கம் ஆவி கக்கிக்கொண்டு நின்றுவிட்டது. டிரைவரின் தகரத்தில் சொட்டுத் தண்ணீர் இல்லை. அவர் கண் இவர் மடிக்கு வந்தது.

"மாப்ள, அந்தச் சோடாவ இங்கிட்டுத் தள்ளுங்க."

"சோடா இல்ல, தண்ணி."

"அது இன்னும் நல்லதாப் போச்சு."

இவர் பாட்டில்களைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, "மசக்கை" என்று ஒரு சொல் சொல்லியிருக்கிறார்.

"யாருக்கு, ஒமக்கா? இந்தப் பிடி பிடிக்கிறீரு!"

பஸ்ஸே சிரித்திருக்கிறது. மகள் வீட்டுக்கு ஓலைக் கொட்டானில் கருப்பட்டியோடு போய்க்கொண்டிருந்த ஓர் அம்மாள் மட்டும் எழுந்து நின்றுவிட்டாள்.

"ஏ டைவரு, பிள்ளத்தாச்சி தண்ணியில கைய வச்சே, ஒன் பஸ்ஸு இந்த எடத்த விட்டு அசையாது பாத்துக்க. அந்தா பனைக்கு அங்கிட்டுக் கெணறு கெடக்கு. தகரத்த எடு, நட."

"எங்க ஆத்தா என்னையப் பெக்கையிலகூட எங்கப்பன் இம்புட்டு நடக்கல" என்று முனகிக்கொண்டே டிரைவர் அரை மைல் போய்வந்தாராம்.

பஸ்ஸை விட்டு இறங்கியும் அந்த அம்மாள் இவரை விடவில்லை. சாய்த்துவிடுவார் என்று இரண்டு பாட்டிலைத் தானே வாங்கிக்கொண்டு வீடுவரை வந்துவிட்டாள். இரண்டு பாட்டிலும் கருப்பட்டிக் கொட்டானுமாக முன்பின் தெரியாத ஒருத்தி வாசலில் நிற்க, பின்னால் இவர் பாதித் துண்டோடு நிற்கிறார்.

ஒரு டம்ளர் குடித்தேன். மூன்று பேரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"இப்படிப் பாத்தா எனக்குச் சிரிப்புத்தான் வரும்" என்றேன். சிரித்தேன். தண்ணீர் உள்ளேயே நின்றது. "இன்னொரு டம்ளர்" என்றேன்.

அந்த அம்மாள் சொன்ன பஸ் கதையைக் கேட்டுக்கொண்டே மாமியார் உள்ளங்கையில் கொஞ்சம் ஊற்றி நக்கிப் பார்த்தார். "சேத்து வாடை அடிக்குது. இதுக்கா ஒரு பஸ்ஸ நிப்பாட்டுனீக?" என்றவர், வந்தவளுக்கு ஒரு செம்பு குழாய்த் தண்ணீர் பிடித்துக் கொடுத்தார். அவள் அண்ணாந்து ஒரே மூச்சில் குடித்துவிட்டு, "இதுக்கென்ன கொறச்சல், நல்லாத்தான இருக்கு" என்றாள். அத்தை முகத்தில் அப்போது வந்த வெளிச்சத்தைப் பார்க்க வேண்டுமே! நாளான்னைக்குக் கட்டவேண்டிய வண்டியைப் பற்றி அவர் அப்புறம் பேசவே இல்லை.

அந்த அம்மாளின் மகன் எங்கள் ஊர் வழியாக வாரச் சந்தைக்கு மிளகாய் ஏற்றி வருகிறவன். அவன் வண்டியில் வைக்கோல் மெத்தை போட்டு வாரம் ஒரு பானை ஊருணித் தண்ணீர் எனக்கு வந்தது.

ஐந்தாம் மாதம் ஒரு மத்தியானம், தாகம் தாங்காமல் குழாயடியில் கையேந்திக் குடித்துவிட்டேன். வாடையே இல்லை. நின்றுவிட்டது. ஆனால் நான் மூச்சுக் காட்டவில்லை. எனக்கென்று ஒரு பானை வண்டியேறி வருகிறது, அந்தப் பெருமையை யார் விடுவார்கள்? பத்து நாள் பானைப் பக்கமே நான் போகவில்லை. பானை மட்டும் குறைந்துகொண்டே வந்தது. ஒருநாள் அடுப்படியில் எட்டிப் பார்த்தால், அத்தை அதில் மொண்டு பருப்புச் சட்டியில் ஊற்றிக்கொண்டிருக்கிறார்.

"என்ன அத்தை இது?"

அவர் திரும்பவில்லை. "குழாய்த் தண்ணியில பருப்பு வேகாம வெறகத் தின்னுது. இதுல ரெண்டு கொதியில மலருது. நீ ஏன் பத்து நாளா இதத் தொடல?"

"குழாய்த் தண்ணியே நிக்குது அத்தை."

அகப்பையும் கையுமாக என்னைப் பார்த்தார். இரண்டு பேருக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"ஒம் புருசன்கிட்ட மட்டும் சொல்லிராத தாயி. பானை வாறது நின்னுபோகும்" என்றார்.

சொல்லவில்லை. ஏழாம் மாதம் கை நிறைய வளையல் அடுக்கி, எங்கள் அம்மா வந்து முறையாக அழைத்துப்போன அன்றுதான் நான் அந்த வீட்டிலிருந்து வண்டியேறினேன்.