பதினேழாம் நம்பர் பெட்டி

1. ஆபீஸ் வெயில்

“இந்தத் தெர்மாமீட்டர் யாருக்கு வெயில் காட்டுது?” என்று கேட்டார் ஆய்வுக்கு வந்த அதிகாரி. அது ஆபீஸ் வராண்டாவில் காலண்டருக்குப் பக்கத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. அதற்கு மேலே ஃபேன் ஓடியது.

“எல்லாருக்கும்தான் சார்” என்றேன்.

“உங்களுக்கும் காலண்டருக்கும் காட்டுது. அங்க மருந்து கலக்குறவர் நிக்கிற இடத்துல காத்து எவ்வளவு சூடுன்னு இதுக்கு எப்படித் தெரியும்?”

இரண்டாயிரம் பிறந்து நாலைந்து வருஷம் ஆகியிருக்கும். திருத்தங்கலைத் தாண்டி கரிசல் காட்டுக்குள் இருந்த ஒரு பட்டாசுக் கம்பெனியில் நான் போர்மேன். பதினாறு ரூம்கள், ஒன்றுக்கொன்று தள்ளித் தள்ளி இருக்கும். அதில் நான் அதிகம் பயந்தது மருந்து ரூமுக்குத்தான். ரசாயனப் பொடிகளைச் சலித்துக் கலக்கும் இடம் அது. வெயில் ஏற ஏற அந்த வேலையில் ஆபத்தும் ஏறும். அதனால் தெர்மாமீட்டரில் சிவப்புப் பெயிண்டால் ஒரு கோடு போட்டு வைத்திருந்தேன். பாதரசம் கோட்டைத் தொட்டால் மணி அடிக்க வேண்டும். மணி அடித்தால் மருந்து ரூமில் அன்றைக்கு வேலை முடிந்தது. சட்டமெல்லாம் சரிதான், தெர்மாமீட்டர்தான் ஃபேனுக்குக் கீழே சொகுசாக இருந்தது.

அதிகாரி ஒரு தாளில் படம் போட்டுக் கொடுத்தார். நெஞ்சு உயரத்துக்கு நாலு கால், அதன்மேல் ஒரு மரப்பெட்டி, தெர்மாமீட்டர் அதற்குள்ளே. நாலு பக்கமும் சுவருக்குப் பதிலாகச் சாய்வாக அடுக்கிய மரப்பட்டிகள். காற்று வந்து போகும், வெயிலும் மழையும் உள்ளே வராது. கூரை இரண்டு தட்டு. வெள்ளைப் பெயிண்ட். கதவு வடக்குப் பக்கம், திறந்து பார்க்கும்போது வெயில் உள்ளே விழாமல் இருக்க.

2. ஆசாரியின் அலமாரி

நம்ம ஊர் ஆசாரியிடம் படத்தைக் கொடுத்தேன். ஒரு வாரம் கழித்துக் கொண்டுவந்தார். பட்டி அடுக்கியது அருமை. ஆனால் கதவுக்குக் கண்ணாடி போட்டிருந்தார்.

“கண்ணாடி எதுக்கு ஆசாரி?”

“உள்ள இருக்கது வெளிய தெரிய வேண்டாமா அண்ணாச்சி? தூசியும் அடையாதுல்ல.”

பூஜை அலமாரி செய்து பழகிய கை, பாவம். வெயிலில் வைத்துக் கதவைச் சாத்தினோம். கொஞ்ச நேரத்தில் உள்ளே இட்லி வைத்தால் வெந்துவிடும்போல் இருந்தது. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு கண்ணாடியைக் கழற்றி அங்கேயும் மரப்பட்டி அடித்தார். இரும்பு ஆணி ஒன்றுகூடக் கிடையாது. பொறி பறக்கும் என்று எங்கள் காம்பவுண்டுக்குள் இரும்பை விட மாட்டோம். எல்லாம் மரமுளையும் பித்தளைத் திருகும்தான்.

மருந்து ரூமுக்கு அருகே, மரநிழலும் கட்டிடமும் இல்லாத வெறும் மண்ணில் பெட்டியை நட்டோம். பட்டாசு காயவைக்கும் சிமெண்ட் மேடை பக்கத்தில் இருந்தால் அந்தச் சூடு சேர்ந்துவிடும் என்று அதையும் யோசித்து முப்பது அடி தள்ளி வைத்தேன். அவ்வளவு கெட்டிக்காரன்.

பெட்டிக்கு வெள்ளை அடித்து முடிந்தபோது, ரூம் நம்பர் எழுதும் பிரஷ்ஷில் கொஞ்சம் கறுப்பு மிச்சம் இருந்தது. எங்கள் ரூம் ஒவ்வொன்றின் சுவரிலும் நம்பரும், எத்தனை ஆள் உள்ளே இருக்கலாம் என்பதும் எழுதியிருக்கும். எனக்கோ எல்லாவற்றுக்கும் நம்பர் போடுகிற கிறுக்கு உண்டு. பெட்டியிலும் எழுதினேன்: ‘ரூம் 17. ஆள் 0.’

முதலாளி வந்து பார்த்துச் சிரித்தார். “என்ன போர்மேன், ஆளே இல்லாத ரூமா? லீவு கேக்காத ஆளு வேணும்னா இதுதான் சரி.”

பெட்டியைப் பார்க்கும் வேலையை முத்துமாரியிடம் கொடுத்தேன். கம்பெனிக்குள் தண்ணீர் தெளிப்பது அவள் வேலை. காய்ந்த மண்ணும் பறக்கிற தூசியும் எங்களுக்கு எதிரி. அதனால் வெயில் காலத்தில் நம்பர் போட்ட எல்லா ரூமையும் சுற்றித் தண்ணீர் தெளித்து, வாசலில் நனைத்த சாக்கு விரிக்க வேண்டும். இதுவும் என் சட்டம்தான். இப்போது கூடுதலாக, அரைமணிக்கு ஒருதரம் பெட்டியைத் திறந்து கோட்டைப் பார்க்க வேண்டும். தொட்டுவிட்டால் பக்கத்தில் கட்டியிருக்கும் மணியை அடிக்க வேண்டும். நான் காலையில் ரவுண்டு வரும்போது பெட்டியை ஒருதரம் பார்ப்பேன். அவள் தண்ணீர் வாளியும் சாக்கும் எடுப்பது அதற்குப் பிறகு, சாயங்காலம் எல்லாவற்றையும் திரும்ப எடுத்து வைத்துவிடுவாள்.

3. பன்னிரண்டாம் நாள்

மருந்து ரூமில் கருப்பசாமி. பதினைந்து வருஷமாக அதே வேலை. அதிகம் பேச மாட்டார். பெட்டி வைத்த அன்றைக்கே பத்தரை மணி வாக்கில் ஆபீசுக்கு வந்தார்.

“வெயில் ஏறிருச்சே அண்ணாச்சி. மணிய அடிக்கக் காணோம்.”

“ஏலே, அது அளவு பாத்துச் செஞ்ச பெட்டி. உன் தோலை விட அதுக்கு நல்லாத் தெரியும். போ” என்றேன். போய்விட்டார்.

கத்திரி பிறந்தது. வடக்கே போகவேண்டிய லோடு ஒன்று பாக்கி இருந்தது. பெட்டி வைத்துப் பன்னிரண்டாம் நாள், லாரி கேட்டுக்கு வெளியே நிற்க, கருப்பசாமி மறுபடியும் என் வாசலில் வந்து நின்றார்.

“நிப்பாட்டிக்கிடுறேன் அண்ணாச்சி. காத்து சரியில்ல.”

“மணி அடிச்சுச்சா?”

“அடிக்கல.”

“பெறகென்ன? இன்னும் ரெண்டு கலவை கலந்தாத்தான் லோடு முடியும். பயமா இருந்தாச் சொல்லு, பேக்கிங்ல பொம்பளையாளுகளோட போயி உக்காரு.”

அவர் முகம் சுண்டிப் போனது. திரும்பி நடந்தார். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். மருந்து ரூமுக்குள் அவர் தலை முன்னும் பின்னும் ஆடியது, சல்லடை ஓடுகிறது. எனக்குத் திருப்தியாக இருந்தது. இதை இப்போது எழுதும்போது கை கூசுகிறது.

ஆனாலும் மனசு கேட்கவில்லை. தெர்மாமீட்டரையே கழற்றிக்கொண்டு போய் அவர் மூக்குக்கு முன்னால் நீட்டி, பேச்சை முடித்துவிடலாம் என்று கிளம்பினேன். காம்பவுண்டுக்குள் யாரும் செருப்புப் போட மாட்டோம். மண் கொதித்தது. ஒரு காலைத் தூக்கி ஒரு காலை வைத்து, குதித்துக் குதித்துப் போனேன்.

பெட்டிக்கு இரண்டு எட்டு இருக்கும்போது உள்ளங்கால் குளிர்ந்தது. அப்பாடா என்று ஒரு நிமிஷம் சுகமாக நின்றேன். அப்புறம்தான் உறைத்தது.

பெட்டியைச் சுற்றி மண் ஈரம். நாலு காலுக்கும் நடுவில், பெட்டிக்கு நேர் கீழே, சொதசொதவென்று நனைத்த சாக்கு. காற்று அடிக்கிற பக்கம் இரண்டு காலிலும் சேர்த்து இன்னொரு ஈரச்சாக்கைத் தட்டி மாதிரி கட்டியிருந்தது. அந்தக் குளிர்ச்சியெல்லாம் பட்டி வழியாகத் தெர்மாமீட்டருக்குத்தான் போய்க்கொண்டிருந்தது. பாதரசம் கோட்டுக்குக் கீழே நிம்மதியாக நின்றது.

மணியைப் பிடித்து அடித்தேன். கை வலிக்கிற வரைக்கும் அடித்தேன்.

முத்துமாரி வாளியோடு வந்தாள். “என்ன அண்ணாச்சி? கோட்டத் தொடலையே. இப்பத்தானே பாத்துட்டுப் போறேன்.”

“இங்க யாரு தண்ணி தெளிச்சது?”

“நாந்தான். நம்பர் போட்ட ரூமுக்கெல்லாம் தெளிக்கணும், சாக்கு போடணும்னு சொல்லியிருக்கீக. இதுக்கும் நம்பர் இருக்குல்ல.” என் முகத்தைப் பார்த்து அவள் குரல் இறங்கியது. “வெட்டவெளில நிக்குதேன்னு சாக்கு ஒண்ணு கூடப் போட்டேன். தப்பா அண்ணாச்சி?”

அவளைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. சொன்னதைச் செய்தவள், சொன்னதற்கு மேலும் ஒரு சாக்கு போட்டவள். “தப்பு உம்பேர்ல இல்ல தாயி” என்றேன். தெர்மாமீட்டரைக் கழற்றி எட்ட இருந்த வேப்ப மரத்தின் காய்ந்த நிழலில் தொங்கவிட்டோம். இரண்டு பேரும் பார்த்துக்கொண்டு நின்றோம். பாதரசம் மெல்ல ஏறிச் சிவப்புக் கோட்டைத் தொட்டது, தாண்டியது, இன்னும் ஏறியது. பன்னிரண்டு நாளாக அந்தச் சூட்டில் ஒரு மனுஷனை மருந்து கலக்கவிட்டிருக்கிறேன்.

4. வெறும் சல்லடை

கருப்பசாமி மருந்து ரூமுக்கு வெளியே தொட்டித் தண்ணீரில் கை கழுவிக்கொண்டிருந்தார். பெட்டி விஷயத்தைச் சொன்னேன். அவர் ஆச்சரியப்படவில்லை.

“நான் போகச் சொன்ன பெறகு எத்தனை கலவை கலந்த?”

“ஒண்ணும் கலக்கல அண்ணாச்சி.”

“சல்லடை ஓடுச்சே. நான் பாத்தேனே.”

“வெறும் சல்லடை. ஆபீஸ்ல இருந்து பாத்தா என் தலை ஆடுறதுதானே தெரியும்.”

எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. “இந்தப் பன்னண்டு நாளும்?”

“காலையில நீங்க வர்றதுக்கு அரைமணி முந்தி வந்து ஆரம்பிச்சிருவேன். முடிஞ்ச மட்டும் கலப்பேன். வெயில் ஏறுனா வெறும் சல்லடைதான். அதான் லோடு இழுத்துக்கிட்டே கெடக்கு.”

“எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்லா?”

“மொத நாளே சொன்னேனே. நீங்க பெட்டியச் சொன்னீக.”

அவர் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்கு ஏதாவது பேசியிருப்பேன். ஒரு மனுஷன் என்னிடமிருந்து தன் உயிரைக் காப்பாற்றிக்கொள்ள, பன்னிரண்டு நாள் வெறும் சல்லடையை ஆட்டியிருக்கிறார். பாதுகாப்பைப் பார்க்கத்தான் எனக்கு அந்த வேலையே கொடுத்திருந்தார்கள். தொட்டி ஓரத்தில் உட்கார்ந்து முகத்தைக் கழுவிக்கொண்டேன். அழுதது அவருக்குத் தெரிந்திருக்கும், தெரியாததுபோல் துண்டை நீட்டினார்.

முதலாளிக்குப் போன் போட்டு, லாரி இன்றைக்குப் போகாது என்றேன்.

“ஏன், பெட்டி சரியில்லையா?”

“பெட்டி சரியாத்தான் இருக்கு மொதலாளி. போர்மேன்தான் சரியில்ல.”

நடந்ததையெல்லாம் கேட்டுவிட்டு, “நாளைக்குக் காலையில நானும் வாரேன்” என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் பெட்டியைச் சுற்றிப் பத்தடிக்குக் கயிறு கட்டினோம். கயிற்றுக்குள் தண்ணீர் கூடாது. மருந்து ரூம் வாசலில் இரண்டாவதாக ஒரு வெண்கல மணி தொங்கவிட்டோம், அது கருப்பசாமியின் மணி. இரண்டில் எது அடித்தாலும் வேலை நிற்கும், ஏன் அடித்தாய் என்று யாரும் கேட்கக் கூடாது. புதிதாக போர்மேன் வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான்: கருவி வேலையை நிறுத்தச் சொல்லலாம். பயந்து நிற்கிற ஆளை உள்ளே போகச் சொல்ல அதற்கு அதிகாரம் கிடையாது, அதைக் காட்டி அனுப்ப உங்களுக்கும் கிடையாது.

அந்தக் கோடையில் கருப்பசாமி மூன்று தடவை மணி அடித்தார். மூன்று தடவையும் நான் பெட்டியைப் போய்ப் பார்க்கவில்லை.