தென்னம்பாளையும் இரண்டு தேன்பெட்டிகளும்

கரமனையில் எங்கள் வளவுத் தென்னைகளைக் கள்ளுக்குக் குத்தகை பேசிய அன்று அப்பா இருந்தார், கள் இறக்குகிறவர் இருந்தார், வீட்டில் எழுதத் தெரிந்த ஒரே ஆள் என்று நானும் இருந்தேன். அம்மா இல்லை. சாலைக் கடைத்தெருவில் ஒரு வைத்தியருக்குத் தேன் கொடுக்கப் போயிருந்தாள். ஆறு மரம், ஆறு மாதம். பணம் நான் கல்லூரியில் கட்டவேண்டிய சம்பளத்துக்கு. கடிதத்தை நான்தான் எழுதினேன்.

பின்புறம் இருந்த இரண்டு தேன்பெட்டிகளும் அம்மாவுடையவை. தேனீக்கள் காலில் உருட்டிக்கொண்டு வரும் பூம்பொடி எந்தச் செடியுடையது என்று நான் ஒரு நோட்டில் குறித்துவந்தேன். பூசணி, முருங்கை, தொட்டாற்சுருங்கி எல்லாம் அதில் உண்டு. ஆனால் பக்கத்துக்குப் பக்கம் தென்னைதான். கூட்டிலுள்ள தேனீப் புழுக்களுக்கு அதுதான் சோறு என்று அடிக்கோடு வேறு போட்டிருந்தேன்.

சில வாரங்களில் தேனீக்கள் வெறுங்காலோடு திரும்பத் தொடங்கின. விடிந்ததும் பெட்டி வாசலில் குந்தி எண்ணுவேன். நூறு வந்தால் நாலைந்தின் காலில்தான் பொடி. வகுப்பில் உட்கார்ந்தாலும் மனம் அந்த வாசலிலேயே கிடந்தது.

"மழைதாம்மா காரணம்."

"மழை நின்னு நாலு நாளாச்சுலே," என்றாள் அம்மா.

மறுநாள் ஒரு பெட்டி காலி. கூட்டமாக எழும்பிப் போய்விட்டன. அன்று மரத்திலிருந்து இறங்கியவரிடம், பாளை எப்போது விரியும் என்று கேட்டேன்.

"கெட்டி வச்ச பாளை எங்கன விரியும் பிள்ளே? விரிஞ்சா கள்ளு ஏது? காலேஜில இது சொல்லித் தரலியோ?"

பக்கத்து வளவுகளிலும் எங்களைப் பார்த்து அவருக்கே விட்டிருந்தார்கள். சுற்றுவட்டாரத்தில் ஒரு பாளையும் விரிந்து பூக்கவில்லை. நோட்டில் அடிக்கோடு போட்ட கை, குத்தகைக் கடிதம் எழுதும்போது அதை நினைக்கவில்லை.

அம்மா அப்பாவிடம் கேட்டாள். "எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீளா?"

"படிச்சவன் பக்கத்துல இருந்தாம்லா."

"அந்தப் படிச்ச கையாலயே குத்தகையில ரெண்டு மரத்தைக் கொறச்சு எழுதச் சொல்லுங்க. இருக்கிற பெட்டியாவது நிக்கட்டும்."

எழுதினேன். கட்டாத பாளைகள் விரிய நாளாயிற்று. அதுவரை தினமும் பெட்டிமேல் காதை வைத்து, உள்ளே இரைச்சல் இருக்கிறதா என்று கேட்பேன். ஒரு நாள் விடியும்போது இரண்டு கால்களிலும் வெளிர்மஞ்சள் உருண்டைகளோடு ஒரு தேனீ வந்து இறங்கியது. பின்னால் இன்னொன்று. அம்மாவைக் கூப்பிட்டேன். அவள் பார்த்துவிட்டுக் காலிப் பெட்டியைக் கழுவப் போனாள்.

இரண்டு மரத்துக்குத் திருப்பிக் கொடுத்த முன்பணம், பாளை கட்டிய கூலி, காலிப் பெட்டிக்கு வாங்கிய புதுக் கூட்டம், எல்லாம் சேர்த்து, என் கல்லூரிச் சம்பளத்துக்கு வந்த பணத்தில் அன்றைய திருவிதாங்கூர்க் காசில் ஆறு ரூபாய் பதினான்கு சக்கரம் போயிற்று.