சோத்தாங்கை

நான் கோபக்காரி. பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை பழகச் சேர்ந்த புதிதிலேயே எங்கள் வெள்ளைக்கார டாக்டரம்மா அதைக் கண்டுபிடித்துவிட்டார். "உன் கை நல்ல கை. வாய்தான் முள்," என்று தன் சீமைத் தமிழில் சொன்னார். பெண்கள் வார்டில் என் சத்தம் கேட்டாலே கட்டிலுக்கடியில் ஒளித்துவைத்த கருவாடு தானாக வெளியே வந்துவிடும் என்று கேலி பேசுவார்கள். பேசட்டுமே. கட்டு மாற்ற வேண்டுமென்றால் அவர்களே என்னைத்தான் கேட்பார்கள். வாய் வைதுகொண்டிருந்தாலும் கை பைய வேலை பார்க்கும் என்று அவர்களுக்குத் தெரியும்.

ஜெர்மன் சண்டை வருவதற்குக் கொஞ்சம் முந்தி, ஒரு பதனீர்க் காலத்தில், உடன்குடிப் பக்கத்திலிருந்து ஒருத்தியை மாட்டுவண்டியில் கொண்டுவந்தார்கள். சின்ன வயசு. புருஷன் பனையேறி, அவன் இறக்குகிற பதனீரைக் காய்ச்சிக் கருப்பட்டி ஊற்றுவது இவள் வேலை. பாகு பதத்துக்கு வந்த நேரத்தில் சட்டி சரிந்து வலது கையில் கொட்டிவிட்டது. வெந்நீர் என்றால் வழிந்து போய்விடும். பாகு போகாது, ஒட்டிக்கொண்டே வேகவைக்கும். வீட்டார் பதறிப்போய் முட்டை வெள்ளைக்கருவைத் தடவி, ஐந்து விரலையும் சேர்த்துப் பழந்துணியால் உருண்டையாகக் கட்டியிருந்தார்கள். பாசத்தோடு கட்டிய கட்டுதான், யாரைக் குறை சொல்ல? ஆனால் அவிழ்த்துப் பார்த்தால் விரலோடு விரல் ஒட்டத் தொடங்கியிருந்தது.

டாக்டரம்மா பொறுமையாகப் பிரித்துவிட்டார். பிறகு என்னைத் தனியே கூப்பிட்டு, "விரல்கள் மடங்கியபடியே ஆறிவிட்டால் கத்தி வைக்க வேண்டிவரும். வைத்தாலும் பழைய கை ஆகாது. தினமும் பிரி, நீட்டு, தனித்தனியாகக் கட்டு," என்றார்.

நாங்கள் பேசியது அவளுக்குக் கேட்டுவிட்டது போலிருக்கிறது. நான் பக்கத்தில் போனதும் கேட்டாள்: "நர்சம்மா, சோத்தாங்கை போச்சுன்னா எம்புள்ளைக்கு நான் எப்படிச் சோறூட்டுவேன்? இப்பதான் பருப்புஞ்சோறும் திங்கப் பழகிருக்கா."

அந்தக் கேள்வி என்னைப் பிடித்துக்கொண்டது. கட்டுத்துணியை எடுக்கப் போனேன்.

அதற்கப்புறம் தினமும் போர்தான். வாழைக்குருத்தை வெந்நீரில் அவித்து, விரலிடுக்கில் துணி ஒட்டாதபடி வைத்துக் கட்டுவேன். தாமிரபரணிக் கரையில் வாழைக்குப் பஞ்சமா? குருத்து கிடைத்தது, மருந்து கிடைத்தது, அவள் கைதான் கிடைக்கவில்லை. நான் தொட்டதும் நண்டு மாதிரி மூடிக்கொள்ளும்.

"கையைத் திற புள்ள."

"நானா மூடுதேன்? அதுவா மூடுது, நர்சம்மா. திறக்க மாட்டேங்கு."

"மூடிட்டே இரு! நாளைக்கு உம்புள்ள வாயில முட்டியையா திணிக்கப் போற?"

அவள் அழுவாள். நான் துணி அவிக்கிற அறைக்குப் போய் அடுப்பைத் திட்டுவேன். என் கோபம் அவள்மேல் இல்லை. அந்த வலியைப் பிடித்து நாலு அறை அறைய முடியவில்லையே என்பதுதான்.

சாப்பாடு இன்னொரு கூத்து. இடது கையில் கரண்டியைக் கொடுக்கச் சொன்னார் டாக்டரம்மா. "பீச்சாங்கையால திங்க நான் என்ன பைத்தியக்காரியா?" என்று தட்டைத் தள்ளிவிட்டாள். நானே பிசைந்து ஊட்டினேன். கைப்பிள்ளை மாதிரி வாயைத் திறக்க வெட்கப்பட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு தின்றாள். "விரல் நேரா வரும். நீயே பிசைஞ்சு திம்பே, பாரு," என்றேன் ஒரு நாள்.

"அப்படி மட்டும் நடந்தா உங்க வாயில கருப்பட்டிதான் போடணும்," என்றாள். நம்பிச் சொல்லவில்லை. என்னைச் சமாதானப்படுத்தச் சொன்னாள்.

கொஞ்ச நாள் போனது. திங்கட்கிழமை பார்ப்பேன், அப்போதும் விரல் மூடியே இருந்தால் கத்திதான் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார்.

எங்கள் வார்டில் ஒரு வழக்கம் இருந்தது. சுகமாகி வீட்டுக்குப் போகிறவள் கட்டில் கட்டிலாக வந்து ஒரு துண்டு கல்கண்டு கொடுத்துவிட்டுத்தான் போவாள். அதைப் பீச்சாங்கையால் வாங்கினால் கொடுத்தவள் திரும்பவும் அதே கட்டிலில் வந்து விழுவாள் என்று ஒரு பேச்சு. யார் கட்டிவிட்டதோ தெரியாது. சர்ச்சுக்குப் போகிற வேதக்காரர், கோயிலுக்குப் போகிறவர் என்ற வித்தியாசமில்லாமல் எல்லாரும் நம்பினார்கள்.

அந்த வாரம் பக்கத்துக் கட்டில்காரி வீட்டுக்குப் புறப்பட்டாள். கடற்கரைப் பக்கத்துத் தோணிக்காரன் பெண்சாதி. வயிற்றில் கட்டி எடுத்து, பிழைப்பாளா என்று இருந்தவள். "மாதா காப்பாத்துனா, இந்தாங்க, இந்தாங்க," என்று சத்தமாகக் கொடுத்துக்கொண்டே வந்து உடன்குடிக்காரி முன்னால் நின்றாள்.

"இந்தா தாயீ."

நான் எதிர்க் கட்டிலில் கிண்ணத்தோடு நின்றேன். உடன்குடிக்காரி சட்டென்று வலது கையை நீட்டினாள். துணி சுற்றிய விரல்கள் நடுங்கி நடுங்கி ஒவ்வொன்றாய் விலகின. கல்கண்டு உள்ளங்கையில் விழுந்தது. தான் என்ன செய்தோம் என்று அவளுக்கே தெரியவில்லை.

"அடி கள்ளி! எனக்குத் திறக்காத கை கல்கண்டுக்குத் திறக்குதா?" என்று கத்தினேன்.

வார்டே சிரித்தது. அவள் தன் கையையே பார்த்தாள். அப்புறம் ஓவென்று அழுதாள்.

அன்றையிலிருந்து "கையைத் திற" என்று சொல்வதை விட்டேன். "இந்தா" என்றேன். ஒரு பிச்சிப்பூ மொட்டை எட்ட நீட்டுவேன். அவள் விரல் விரியும். விரிந்ததும் கட்டைப் பிரிப்பேன். வார்டில் நடமாட முடிந்தவர்களுக்கெல்லாம் உத்தரவு போட்டேன்: அவளுக்கு எதைக் கொடுத்தாலும் சோத்தாங்கையில்தான் கொடுக்க வேண்டும். ஒருத்தி கடலை கொடுத்தாள், ஒருத்தி வேப்பம்பூ கொடுத்தாள். கல்லிடைக்குறிச்சிக்காரி ஒருத்தி வீட்டிலிருந்து வந்த சுட்ட அப்பளத்தை நீட்டி, "உடையாம வாங்கு பாப்போம்," என்றாள். முதல் அப்பளம் நொறுங்கித்தான் போனது. வலி குறைந்தது என்று நான் சொல்ல மாட்டேன். முந்தானையைக் கடித்துக்கொண்டு வாங்கினாள், கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டக் கொட்ட வாங்கினாள்.

திங்கட்கிழமை டாக்டரம்மா வந்தார். பின்னாலேயே கத்தித் தட்டும் வந்தது. உடன்குடிக்காரி அதைப் பார்த்துவிட்டாள்.

"கையைக் காட்டு," என்றார் டாக்டரம்மா.

மூடிக்கொண்டது. டாக்டரம்மா உதட்டைப் பிதுக்கினார். நான் மரியாதையை மறந்து அவர் கையைப் பிடித்தேன். "அம்மா, காட்டச் சொல்லாதீங்க. ஏதாவது கொடுங்க. இந்தான்னு சொல்லிக் கொடுங்க."

அவருக்குப் புரியவில்லை. என்றாலும் சட்டையில் குத்தியிருந்த ரோஜாப்பூவை எடுத்து நீட்டினார். "இந்தா," என்றார்.

உடன்குடிக்காரி என்னைப் பார்த்தாள். பூவைப் பார்த்தாள். கையை நீட்டினாள். நாலு விரலும் விரிந்தன. சுண்டுவிரல் மட்டும் வரவில்லை. டாக்டரம்மா அந்த நாலு விரலையும் தொட்டுத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கத்தித் தட்டைத் திருப்பி அனுப்பினார். பூவை அவளே வைத்துக்கொண்டாள்.

வீட்டுக்குப் போகும்போது அவளும் கல்கண்டு கொடுத்துவிட்டுத்தான் போனாள்.

அடுத்த பதனீர்க் காலத்தில் ஒரு பகல் வேளை. இரண்டு கையாலும் மருந்துத் தட்டைத் தூக்கிக்கொண்டு வார்டுக்குள் வந்தால், அவள் நிற்கிறாள். இடுப்பில் கொழுகொழுவென்று ஒரு பெண்பிள்ளை, வாயோரம் சோற்றுப் பருக்கை. ஓலைக்கொட்டானில் கருப்பட்டி. நான் தட்டை ஒரு கைக்கு மாற்றி, கிடைத்த கையை நீட்டினேன்.

"பீச்சாங்கையையா நீட்டுதிய? நல்லாருக்கே! எங்களை மட்டும் அம்புட்டு வைவிய!" என்றாள். கட்டில்களில் சிரிப்புக் கேட்டது. "வாயைத் திறங்க."

"ஏட்டி, வார்டே பாக்குதுட்டி."

"பாக்கட்டும். எனக்கு நீங்க ஊட்டும்போதும் வார்டு பாத்துச்சுல்லா?"

ஒரு துண்டு உடைத்து வலது கையால் என் வாயில் வைத்தாள். அந்த மடங்கிய சுண்டுவிரல் என் தாடையில் இடித்தது. கருப்பட்டி லேசாக அடிப்பிடித்திருந்தது. அதைச் சொல்லி வையலாம் என்றுதான் வாயெடுத்தேன். அழுகைதான் வந்தது.