வலது பக்கம் என்று சொன்னேன்

பிசியோதெரபி செய்கிற தம்பி ஒருவரைப் போன மாதம் சோதித்துப் பார்த்தேன். பாஸானது அவர். ஃபெயிலானது...?

எனக்கு இடது பிட்டத்தில் வலி. அங்கே கிளம்பி, தொடை வழியாகக் கணுக்கால் வரை ஷாக் அடித்த மாதிரி இழுக்கும். சம்மணம் போட்டால் ஐந்து நிமிஷம் தாங்காது. அந்த நேரம் பார்த்து என் தங்கை பேத்திக்குக் காது குத்தல். தங்கைக்கு மகன் இல்லை. அதனால் தாய்மாமன் மடி என்னுடையதுதான். நான் உட்காராவிட்டால் சம்பந்தி வீட்டில் வேறு ஒருத்தரை உட்கார வைப்பார்கள் — விடுவேனா? எட்டே நாள்தான் இருந்தது.

உப்பளம் பகுதியில் கிளினிக் வைத்திருக்கிற அந்தத் தம்பியிடம் போனேன். ஊசி இல்லை, மாத்திரை இல்லை. பிட்டத்துக்குள் ஆழத்தில் ஒரு தசை இறுகி நரம்பை நசுக்குகிறதாம். கையால் அழுத்தியே தளர்த்துவாராம். இழுப்பது கால்... அழுத்துவது அங்கேயா?

நான் மூணாங்கிளாஸ். ஆனால் கிரீஸ் துடைத்து, உழவர்கரையில் சொந்த லாரி ஒர்க்‌ஷாப் போட்டவன். புது மெக்கானிக் வந்தால் பழுதை மாற்றித்தான் சொல்வேன். கண்டுபிடித்தால் வேலை, இல்லாவிட்டால் வாசல். அதே சோதனைதான் இவருக்கும். "எந்தப் பக்கம்?" என்று கேட்டார். வலது என்றேன். இரண்டு நாள் வலதில் அழுத்தினார். நானும் முனகி வைத்தேன்.

மூன்றாம் நாள் பெஞ்சில் காத்திருந்தேன். கூப்பிடாமல் கதவோரம் நின்று பார்த்தார்.

"ஐயா, வலதுல வலின்றீங்க. பாரம் முழுக்க அதுமேலதான் குடுத்து உக்காந்திருக்கீங்க. இடதைத் தூக்கி வச்சிருக்கீங்க."

ஒர்க்‌ஷாப் வழக்கத்தைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

"லாரிக்கு நடிக்கத் தெரியாதுங்க ஐயா. ரெண்டு நாளு போச்சு. இனிமே தரையில உக்கார முடியுமான்னு என்னால சொல்ல முடியாது."

இடதில் முழங்கையை இறக்கினார். அன்றைக்கு நான் நடிக்க வேண்டியிருக்கவில்லை.

கடைசியில் நாற்காலி போட்டுத்தான் உட்கார்ந்தேன். குழந்தை மடியில் வீறிட்டது. ஆசாரி நின்றுகொண்டே குத்தினார். தங்கை காதோரம் வந்து, "நீ உக்காந்தியே, அது போதும்ண்ணா" என்றாள்.

ஏன் நாற்காலி என்று நாலு பேர் கேட்டார்கள். வைத்தியம் பார்த்த தம்பிக்கு வேலை தெரியாது என்று சொல்லிவிட்டேன்.

அந்த நாலு பேரும் வாராவாரம் இந்தப் பத்தியைப் படிக்கிறவர்கள் — ஐயாமாரே, வேலை தெரியாதது எனக்குத்தான்.