கால் கழன்ற நண்டுக் கறி

"தீபாவளிக்கு மத்தியானம் உங்கடை வீட்டைதான் சாப்பாடு. கொப்பரும் வாறார்" என்று அம்மா போனில் சொன்னபோது, அப்பாவும் வருகிறார் என்ற சந்தோஷத்துக்கு முன்னால் எனக்குப் பயம்தான் வந்தது.

நாங்கள் அச்சுவேலிப் பக்கத்தில் மரக்கறித் தோட்டம் செய்கிற தோட்டக்காரக் குடும்பம். என் கணவர் கொழும்புத்துறையில் கடல் தொழில் செய்கிறவர். நாங்களாக விரும்பிச் செய்த கல்யாணம். அப்பா அதைத் தடுக்கவில்லை. ஆனால் சம்பந்தி வீட்டில் கை நனைக்கவும் இல்லை. வருவார், பேரப்பிள்ளைகளை மடியில் வைத்துக் கொஞ்சுவார், மூடி திறக்காத சோடாப் போத்தல் ஒன்றை வாங்கிக் குடிப்பார், "பஸ் போயிடும்" என்று எழும்பிவிடுவார். தோட்டக்கார வீட்டு ஆட்கள் கடல் தொழில் செய்பவர்களின் வீட்டில் சாப்பிடுவதில்லை என்பது ஊரில் சொல்லாமலே எல்லோருக்கும் தெரிந்த விஷயம். அதனால் ஏன் என்று யாரும் அவரைக் கேட்டதில்லை.

என் மூத்த மகள் கேட்டுவிட்டாள். ஒருநாள் போனில், "அம்மப்பா, நீங்கள் ஏன் எங்கடை வீட்டிலை சாப்பிடுறேல்லை?" என்றாள். அதற்குப் பிறகு கொஞ்ச நாள் அப்பா போனுக்கு வரவேயில்லை. அப்புறம்தான் அம்மாவின் இந்த அழைப்பு.

மண்ணெண்ணெய் கிடைக்காமல் கடற்கரை முழுக்க வள்ளங்கள் கவிழ்ந்து கிடந்த வருடம் அது. எங்கள் வள்ளமும் கரையில்தான் கிடந்தது. கணவர் வீச்சுவலையைத் தோளில் போட்டுக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் நடந்து போய், பட்டதைக் கொண்டுவருவார். முன்பள்ளியில் படிப்பிக்கிற எனக்குக் கிடைக்கிற கொடுப்பனவு அரிசிக்கும் மாவுக்கும் போய்விடும். குசினி மூலையில் கிடந்த வெறும் காஸ் சிலிண்டரின் மேல் பிள்ளைகள் ஈரத் துவாயைக் காயப்போடுவார்கள்.

எங்கள் ஊரில் தீபாவளி என்றால் ஆட்டிறைச்சி. நாலைந்து வீடு சேர்ந்து ஒரு ஆட்டை வாங்கிப் பங்கு போடுவார்கள். அந்த வருடம் ஒரு பங்கின் விலை எங்களால் நினைத்துப் பார்க்க முடியாததாக இருந்தது. முதல்முறை சாப்பிட வருகிற அப்பாவுக்கு இறைச்சி இல்லாமல் எப்படிப் போடுவது? என் காதுத் தோட்டை அடகு வைப்பது என்று முடிவு செய்து, கண்ணாடி முன்னால் நின்று கழற்றத் தொடங்கினேன்.

பக்கத்து வளவில் இருக்கும் மச்சாள் அப்போதுதான் உள்ளே வந்தார். கணவருடைய அக்கா. கணவனைக் கடலுக்குப் பறிகொடுத்தவர். நண்டு வாங்கி அனுப்புகிற வாடியில் நண்டு தரம்பிரிக்கும் வேலை செய்து இரண்டு பிள்ளைகளை வளர்க்கிறவர். சிரித்தால் மூன்று வீட்டுக்குக் கேட்கும்.

"எடி, உதென்ன செய்யிறாய்?"

சொன்னேன்.

"விசரே உனக்கு? கொம்மா வந்து படியேறக்கை முதல் பாக்கிறது உன்ரை காதைத்தான். அவ பிறகு சோறு தின்னுவாவே, அழுவாவே?"

மச்சாள் நிலத்தில் காலை நீட்டி உட்கார்ந்தார்.

"ஊர் முழுக்க இறைச்சிக்கு ஓடுற நாளிலை மீன், நண்டை ஆர் பாக்கப்போகினம்? அண்டைக்குத்தான் எங்களுக்கு மலிவு. கடல்காரர் வீட்டை வாற மனிசனுக்குக் கடல் சாப்பாட்டைக் குடுப்பம். ஆட்டிறைச்சியை அவர் தன்ரை வீட்டிலை தின்னட்டும்."

அந்த வார்த்தையைக் கேட்டதும் தோட்டைத் திரும்பக் காதில் மாட்டிக்கொண்டேன்.

தீபாவளிக்கு முதல் நாள் பின்னேரம் மச்சாள் ஒரு பெரிய சருவம் நிறைய நண்டோடு வந்தார். ஒரு கால், ஒரு கொடுக்கு குறைந்தாலும் அந்த நண்டை, வாடியிடம் வாங்குகிற கொழும்புக் கொம்பனி எடுக்காது. அப்படிக் கழித்தவைதான் அவை. வழக்கமாக அவற்றை வாங்க ஆள் நிற்கும். அன்றைக்கு ஒருவரும் இல்லாததால், மச்சாள் கேட்ட விலைக்கே வாடி முதலாளி கொடுத்துவிட்டார். "கால் இல்லாட்டி என்ன, சதை இருக்கு" என்று மச்சாள் ஒவ்வொன்றாய்த் தூக்கிக் காட்டினார். மழை தொடங்கிவிட்டதால் கணவரின் வலையிலும் நல்ல இறால் பட்டிருந்தது. தேங்காயும் முருங்கையிலையும் வளவில் இருந்தன. பாயாசத்துக்குப் பனங்கட்டியும் வறுத்த பயறும் போதும் என்றார் மச்சாள். ஜவ்வரிசியையும் முந்திரிகையையும் பற்றி நான் வாயே திறக்கவில்லை.

விடியவே வானம் கறுத்துக் கிடந்தது. எங்கள் குசினியில் இவ்வளவு பெரிய பானை வைக்க இடமில்லை. முற்றத்தில் கல் வைத்து அடுப்பு மூட்டி, அதற்கு மேல் வள்ளம் மூடுகிற தறப்பாளை நாலு தடியில் கட்டிக் கொடுத்தார் கணவர். மச்சாள் தென்னம்பாளையையும் சிரட்டையையும் அடுக்கி எரித்தார். இறாலைப் பிரட்டி இறக்கினார். நண்டுக் கறி கொதிக்கத் தொடங்கிய நேரம் அப்பாவும் அம்மாவும் வேலிப் படலையில் நின்றார்கள். அப்பாவின் தோளில் ஒரு உரப்பை.

"சும்மா கையோடை வரக்கூடாதெண்டு கொஞ்சம் மரக்கறி" என்றார். பையைக் கொட்டினால் கத்தரிக்காய், வாழைப்பொத்தி, பூசணி, வெங்காயம். மச்சாளின் முகத்தைப் பார்க்க வேண்டுமே.

"ஐயோ, கத்தரிக்காய்! ஐயா, உதை இப்பவே பொரிச்சுக் குழம்பு வைக்கிறன்" என்றவர் அம்மாவிடம் திரும்பி, "அம்மா, ஒரு கத்தி தரட்டே? வெட்டித் தாறியளே?" என்று கேட்டார். வந்த விருந்தாளியிடம் இப்படிக் கேட்கிறாரே என்று நான் விறைத்துப் போனேன். அம்மாவோ சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு குந்திவிட்டார்.

அப்பா மட்டும் வாசலில் கதிரையில் உட்கார்ந்திருந்தார். சோடா வாங்கி வைக்கவில்லை என்பது அப்போதுதான் ஞாபகம் வந்து, கணவரைக் கடைக்கு அனுப்பினேன்.

அந்த நேரத்தில்தான் மழை கொட்டியது. காற்று ஒரு பக்கத்துத் தடியைப் பிடுங்கிப் போட, தறப்பாள் சரிந்து, அதில் தேங்கிய தண்ணீர் அடுப்புப் பக்கம் வழியத் தொடங்கியது. கணவர் கடைக்குப் போயிருந்தார். நான் ஓடுவதற்குள் அப்பா எழும்பிப் போய்த் தறப்பாளின் மூலையை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துவிட்டார். தீபாவளிக்கென்று கட்டிவந்த புது வேட்டி நனைந்து காலோடு ஒட்டியது.

"ஐயா, விடுங்கோ, நனையிறியள். உள்ளுக்கை போங்கோ" என்றார் மச்சாள்.

"நான் விட்டா உன்ரை கறி தண்ணியாப் போயிடும், பிள்ளை. நீ கிண்டு."

"கை நோகப்போகுது."

"துலா மிதிச்சுத் தண்ணி இறைச்ச உடம்பு. நீ அடுப்பைப் பார். நெருப்பு அணையப்போகுது."

மச்சாள் குனிந்து ஊதினார். புகையில் இரண்டு பேருக்கும் கண்ணீர் வழிந்தது. கொதி வந்ததும் மச்சாள் அகப்பையில் துளி எடுத்து, உள்ளங்கையில் விட்டு, உப்புப் பார்த்தார். பிறகு ஒன்றும் யோசிக்காமல் அகப்பையை அப்பாவின் பக்கம் நீட்டினார்.

"ஐயா, உப்புக் காணுமோ, இன்னும் போடட்டோ?"

அப்பாவின் இரண்டு கையும் தறப்பாளில். ஒரு கணம் அவர் மச்சாளைப் பார்த்தார். அம்மா கத்தரிக்காய் வெட்டுவதை நிறுத்தினார். அப்பா கழுத்தை நீட்டி, அகப்பையிலேயே வாயை வைத்து உறிஞ்சினார்.

"காணும்" என்றார். பிறகு, "கொஞ்சம் புளி விடலாம்" என்றார்.

மச்சாள் சிரித்த சிரிப்பு அந்த மழையிலும் மூன்று வீட்டுக்குக் கேட்டிருக்கும்.

பந்தியில் அப்பா நனைந்த வேட்டிக்குப் பதிலாக என் கணவரின் சாரத்தைக் கட்டிக்கொண்டு சம்மணமிட்டு இருந்தார். சிவப்பரிசிச் சோறு, நண்டு, இறால் பிரட்டல், முருங்கையிலை வறை, கத்தரிக்காய்க் குழம்பு. நண்டை உடைக்கத் தெரியாமல் அவர் திண்டாட, மூத்தவள் பக்கத்தில் இருந்து ஓட்டைக் கடித்துக் கடித்துச் சதையை எடுத்து அவர் சோற்றுக் கோப்பையில் வைத்தாள். இறைச்சி எங்கே என்று யாரும் கேட்கவில்லை. அப்பா இரண்டாம்முறை சோறு கேட்டார். நான் சோற்றுப் பானையைத் தூக்கிக்கொண்டு குசினிக்குள் போய், அழுதுவிட்டு வந்து போட்டேன்.

எல்லோரும் சாப்பிட்ட பிறகுதான் மச்சாள் சட்டியை வழித்துத் தன் கோப்பையில் போட்டார். சதையெல்லாம் போய், வெறும் குழம்பும் நண்டுக் கால்களும்தான் மிச்சம். அதையும் அவர் இருந்து ரசித்துத்தான் சாப்பிட்டார்.

போகும்போது அம்மா அவர் கையைப் பிடித்தார். "பொங்கலுக்கு நீங்கள் எங்கடை வீட்டை வரவேணும்."

"வாறன். ஆனா என்னைக் கதிரையிலை இருத்தி வைக்கக் கூடாது. குசினிக்கை விடவேணும்."

"ஓம், ஓம்" என்று சொன்னது அப்பா.

அச்சுவேலிப் பக்கத்தில் சிலருக்கு மச்சாள் வந்தது பிடிக்கவில்லை. பொங்கலன்று பக்கத்து வீட்டுப் பெரியவர் ஒருவர் வழக்கம்போல் அப்பா வீட்டு வாசலுக்கு வரவில்லை. மச்சாள் அதைக் கவனித்தாரோ இல்லையோ, அம்மாவின் பெரிய பானையைத் தூக்கி அடுப்பில் வைத்து, பால் பொங்குகிற நேரம் என் அப்பாவைக் கூப்பிட்டார். அவர் அரிசியை அள்ளிப் போட்டார். இப்போது போன் எடுத்தால் அப்பா முதலில் பேரப்பிள்ளைகளை விசாரிப்பார். அடுத்ததாக, "அந்தப் பிள்ளை எப்பிடி இருக்கிறா?" என்று கேட்பார்.